பொட்டுக்கு முன் மானியம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் மூன்றரை ஆண்டுச் சட்டசபை

கோயில் மானியம் யாருக்கும் சும்மா வந்ததில்லை. நாதசுரம் வாசிப்பவருக்கு இத்தனை மா நிலம், மாலை கட்டுபவருக்கு இத்தனை, விளக்கேற்றுபவருக்கு இத்தனை என்று ஒவ்வொரு துண்டு நிலத்தின் பின்னாலும் ஒரு சேவகம் இருந்தது. சேவகம் நின்றால் நிலமும் கையைவிட்டுப் போகும். நாதசுரக்காரர் தம் மகனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், மானியம் குடும்பத்தில் தங்கிவிடும். பொட்டுக்கட்டிய பெண்ணின், அதாவது கோயிலுக்கென்று சடங்கு செய்து நேர்ந்துவிடப்பட்ட தேவதாசியின், மானியம் தங்க வேண்டுமென்றால் அடுத்த தலைமுறையில் இன்னொரு பெண் பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும். மகன்கள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில் வராது. மகள் பிறக்காவிட்டால் தத்தெடுத்தாவது ஒரு பெண்ணைக் கோயிலுக்குக் கொடுத்தாக வேண்டும்.

தேவதாசி ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் சமயம், கலை, ஒழுக்கம் என்று மூன்று பக்கமும் சுற்றிவருகிறோம். இந்த நிலக் கணக்கின் பக்கம் மட்டும் வருவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வந்தார். சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் இருந்தது 1927 தொடக்கத்திலிருந்து 1930 மே வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். கட்சி கிடையாது, தொகுதி கிடையாது, அமைச்சர் பதவியும் கிடையாது. ஒரு சாதாரண உறுப்பினர் தம் கையில் இருப்பதை வைத்து எதைச் சாதிக்க முடியும், எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்க நேரும் என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சபைக்கு வந்த வழி

பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் பொட்டுக்கட்டும் வழக்கமுள்ள மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரின் அனுமதி தேவைப்பட்டது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம், 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். இவையெல்லாம் பாடப்புத்தகங்களில் இருப்பவை. இந்த ஆய்வுக்குத் தேவையானது அவற்றில் ஒன்றுதான்: எந்த வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தாரோ அந்த வழக்கம் அவர் தாய்வீட்டுப் பக்கம் இருந்தது. அதைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-ல் வாக்குரிமை வந்தது. சொத்தும் வரியும் அளவுகோலாக இருந்ததால் அந்த உரிமை எட்டியது மிகச் சிலருக்குத்தான். தேர்தலில் நிற்கும் உரிமைக்கு 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூர்ப் பக்கம் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். ஆக, பெண் உறுப்பினர் ஒருவர் சபைக்குள் நுழைவதற்கு நியமனம் ஒன்றே வழியாக இருந்தது. அடையாற்றில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது, அரசு நியமித்தது. இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் அவர் திரும்பியிருந்தார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்ற தயக்கமும் இருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்ற சிறப்பு அவருக்கு உரியது. ‘இந்தியாவின்’ என்று எழுதிவிடுகிறவர்கள் திருவிதாங்கூரை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சமஸ்தானச் சபையில் அவருக்கு முன்பே மேரி புன்னன் லூக்கோஸ் உட்கார்ந்துவிட்டார். அவரும் மருத்துவர்தான் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

சபை கூடியதும் முத்துலட்சுமியைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் நடுவே ஒரே பெண். அவரைத் துணைத் தலைவராக்கியது மரியாதையா, அலங்காரமா என்று அன்று யாரையாவது கேட்டிருந்தால் பலரால் பதில் சொல்லியிருக்க முடியாது. அலங்காரமென்று நினைத்தவர்கள் அந்த நவம்பரிலேயே தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இரட்டை ஆட்சியின் கதவுகள்

அன்றைய சட்டசபை எப்படி இயங்கியது என்று தெரியாமல் அவர் செய்ததன் சூட்சுமம் பிடிபடாது. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி மாகாண அரசு இரண்டாகப் பிளந்திருந்தது. காவல், நீதி, நிதி, நிலவரி ஆகியவை ஆளுநரும் அவருடைய நிர்வாக சபையும் வைத்துக்கொண்ட ‘ஒதுக்கப்பட்ட’ துறைகள். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி, அறநிலையங்கள் ஆகியவை இந்திய அமைச்சர்களுக்குத் தரப்பட்ட ‘மாற்றப்பட்ட’ துறைகள். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி அதிக இடங்களைப் பிடித்தும் பதவியேற்க மறுத்தது. சுயேச்சையான டாக்டர் ப. சுப்பராயன் முதலமைச்சரானார். உறுதியான பெரும்பான்மை இல்லாத அமைச்சரவை. தனி உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசினால் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டிய நிலைமை அதற்கு.

தனி உறுப்பினரிடம் இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று தீர்மானம். அது வெறும் பரிந்துரை. நிறைவேறினாலும் அரசு அதைக் கோப்பில் போட்டுவிட்டுப் போகலாம். இன்னொன்று மசோதா. நிறைவேறினால் அது சட்டம். ஆனால் அதற்குத் தடைகள் ஏராளம். ‘பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு அனுப்புகிறோம்’ என்ற ஒரு வரி போதும், மசோதா மாதக்கணக்கில் உறங்கிப்போகும்.

1927 நவம்பரில் அவர் முதலில் தீர்மானத்தை எடுத்தார். இளம்பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். இருக்கிற சட்டமே போதும் என்பது அரசுத் தரப்பின் பழைய பல்லவி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் வயது வராத பெண்ணை விபசாரத்துக்கு ஒப்படைப்பதைக் குற்றமாக்கியிருந்தன. 1924-ல் அந்த வயது 16-லிருந்து 18-ஆக உயர்ந்தும் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் பொட்டுக்கட்டுதல் ஏற்கெனவே குற்றம்தான்.

நடப்பில் என்ன ஆனது? ‘விபசாரத்துக்காக’ என்ற நோக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுப்பவருடையது. குடும்பத்தார் ‘இது சாமி காரியம்’ என்று சொல்வார்கள். அர்ச்சகர் சாட்சி சொல்ல வரமாட்டார். இல்லாவிட்டால் பதினெட்டு முடியும்வரை காத்திருந்து பொட்டுக்கட்டுவார்கள். அதற்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாய் தன் மகளுக்கு இதைச் செய்யத் தூண்டிய காரணத்தை அந்தப் பிரிவுகள் தொடவே இல்லை. பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் போய்விடும். சிறைக்குப் போக நேரலாம் என்பது எப்போதோ வரக்கூடிய அச்சம். நிலம் போய்விடும் என்பது நாளையே வந்து நிற்கும் அச்சம். எந்தக் குடும்பமாக இருந்தாலும் எதற்கு அதிகம் பயப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்மானம் சபையின் ஆதரவைப் பெற்றது. அரசு அசையவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கதையின் இதயம்.

1929-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம்

நேராகப் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் மசோதாவை அவர் அப்போது கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை 1928-ல் முன்வைத்தார். நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் பெரும் எதிர்ப்பைச் சமாளித்துக் கொண்டுவந்த சட்டம் அது. மை காய்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கோயில் சொத்து நிர்வாகத்தை அரசு கண்காணிக்கலாம் என்ற கொள்கையை அது நிலைநாட்டிவிட்டது. அந்தக் கொள்கைக்குள்தான் முத்துலட்சுமி தம் திருத்தத்தைச் செருகினார்.

திருத்தம் சொன்னது சிக்கனமான ஒரு சங்கதி. கோயில் சேவகத்துக்காகப் பொட்டுக்கட்டிய பெண்கள் அனுபவித்துவரும் இனாம் (மானிய) நிலங்களை அந்தச் சேவக நிபந்தனையிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்கு ஈடாக ஒரு தீர்வையைச் செலுத்தினால் போதும். நிலம் அவர்கள் கையிலேயே இருக்கும், கோயிலுக்குச் சேவகம் செய்யும் கடமை இருக்காது. நிலமே மானியமாக இருப்பதும், நிலத்தின் வருவாய் மட்டும் மானியமாக இருப்பதும், அதாவது குடிவாரமும் மேல்வாரமும், வேறுவேறு என்பதால் இரண்டையும் சட்டம் தனித்தனியாகப் பார்த்தது.

இதில் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, காவல்துறையை வீட்டுக்குள் அனுப்பவில்லை. அறநிலையம் மாற்றப்பட்ட துறை. இந்திய அமைச்சரின் கையில் இருந்தது. குற்றவியலைத் தொட்டிருந்தால் ஒதுக்கப்பட்ட துறைகளை வைத்திருந்த ஆளுநரின் நிர்வாக சபையிடம் போய் நின்றிருக்க வேண்டும். ‘மத விவகாரத்தில் தலையிடுவதா’ என்ற கூச்சலும் கூடவே கிளம்பியிருக்கும். இங்கே கூச்சல் போடுவதற்குப் பிடி கிடைக்கவில்லை: நிலத்தை யாரிடமிருந்தும் பறிக்கவில்லையே, அனுபவிப்பவருக்கே உறுதியாக்கித்தானே தருகிறது! பழமைவாதிக்குக்கூட எதிர்த்துப் பேச வாய் வராத வடிவம். 1929 தொடக்கத்தில் மசோதா நிறைவேறி அந்த ஆண்டின் 5-ஆம் எண் சட்டமானது.

மேடைகளில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. தேவதாசி முறை கலையைக் காக்கிறது என்று பேசிய சுயராஜ்யக் கட்சி உறுப்பினர் சத்தியமூர்த்தியைப் பார்த்து, அப்படியானால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள் என்று முத்துலட்சுமி சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தார் என்பார்கள், கைதட்டல் நிச்சயம். சத்தியமூர்த்தி எதிர்த்தது உண்மை. ஆனால் ஒரு சட்டசபை உறுப்பினரின் திறமையை அந்த ஒரு வரிப் பதிலில் தேடுவது, அறுவைச் சிகிச்சை நிபுணரின் திறமையை அவர் குரலில் தேடுவதைப் போன்றது. கத்தியை எந்த இடத்தில் வைத்தார் என்பதல்லவா கேள்வி? இனாம் பதிவேட்டில் வைத்தார்.

எதிரே நின்ற பெண்கள்

இந்தக் கதையில் எதிர்த்தரப்பு என்றால் சத்தியமூர்த்தியையும் சனாதனிகளையும் மட்டும் காட்டிவிட்டு நகர்வது வழக்கம். அது பாதிக் கதை. சென்னையின் தேவதாசிகளே சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பம் அளித்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர்கள் அந்த அணியில் இருந்தார்கள். எங்களை ஒட்டுமொத்தமாக விலைமகளிர் என்று முத்திரை குத்தாதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், சமயமும் இலக்கியமும் கலையும் கற்பியுங்கள், எங்களிடம் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

நியாயமான வாதம். முத்துலட்சுமியின் சபைப் பேச்சுகளில் இதற்கு நேர்மையான பதில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் நோக்கில் இது ஒரு நோய். நோயாளியின் ஒப்புதல் கேட்டு நோயை ஒழிப்பதில்லை. மருத்துவருக்கே உரிய அவசரம் அவர் பலமும் குறையும். மறுபக்கம், அதே மரபிலிருந்து அவருக்கு ஆதரவும் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மாயவரம் வட்டாரத்தில் 1920களிலேயே பொட்டறுப்புக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். அவரும் அந்த வாழ்க்கையின் உள்ளிருந்து வந்தவர். சுயமரியாதை இயக்கத்தார் மசோதாவை வெளிப்படையாக ஆதரித்தார்கள். ஆக, ‘தேவதாசிகள் எதிர்த்தார்கள்’ என்பதும் முழு உண்மை அல்ல, ‘வரவேற்றார்கள்’ என்பதும் அல்ல. நல்ல மானியமும் கச்சேரிப் புகழும் உள்ளவர்களும், ஒரு வேளைச் சோற்றுக்கு மிராசுதாரின் தயவை எதிர்பார்த்திருந்தவர்களும் ஒரே பெயருக்குள் அடைபட்டிருந்தார்கள்.

1929 சட்டத்துக்கு இன்னொரு விளைவும் இருந்தது. பொட்டுக்கட்டிய பெண்ணுக்கு வீட்டில் தனி அதிகாரம் உண்டு. சம்பாத்தியம் அவளுடையது, தத்தெடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு, பெண்வழியில் சொத்து இறங்கும். சேவகக் கட்டு அறுந்தபோது நிலம் மற்ற நிலங்களைப் போலானது. மற்ற நிலங்கள் நம் ஊரில் யார் கைக்குப் போகும் என்பது தெரிந்ததுதானே. அந்தச் சமூகத்து ஆண்களே காலப்போக்கில் அதிகம் பயன்பெற்றார்கள் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். பெண்களின் ஆட்டக் குழுவான சின்ன மேளம் அழிந்தது, ஆண்களின் நாதசுரக் குழுவான பெரிய மேளம் பிழைத்தது என்று பார்த்தால் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இதற்காக முத்துலட்சுமி செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. சட்டம் ஒரு முடிச்சை அவிழ்த்தபோது பக்கத்திலிருந்த நல்ல முடிச்சும் சேர்ந்து அவிழ்ந்துவிட்டது, அவ்வளவே.

மற்ற வேலைகள், சுருக்கமாக

சிறுமியர் திருமண வயதை உயர்த்தக் கோரும் தீர்மானம் அவருடையது. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று கேட்டார். மத்தியில் 1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் 14, 18 என்ற அளவில் நின்றுவிட்டது. குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை என்று பேசினார். ஹார்டாக் கல்விக் குழுவில் உறுப்பினராக இந்தியா முழுக்கச் சுற்றினார். விபசார விடுதிகளை ஒடுக்கும் 1930-ஆம் ஆண்டு மாகாணச் சட்டத்திலும் அவர் பங்கு உண்டு. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

முடிக்காமல் போன மசோதா

மானியத்தின் கட்டை அறுத்த பிறகே அவர் பொட்டின் பக்கம் திரும்பினார். 1930 ஜனவரியில் பொட்டுக்கட்டும் சடங்கையே சட்டவிரோதமாக்கும் மசோதாவைச் சபையில் வைத்தார். வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் வழக்கத்தைத் தாங்கிநின்ற பொருளாதாரத் தூண், பிறகு வழக்கம். எதிர்பார்த்தபடியே மசோதா பொதுக்கருத்துக்காகச் சுற்றுக்குப் போயிற்று.

அது திரும்பிவருவதற்குள் நாட்டின் நிலைமை மாறிவிட்டது. உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மே 5 அன்று காந்தி கைதானார். அந்தக் கைதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். அரசு நியமித்த உறுப்பினர் அரசைக் கண்டித்து விலகினார். மசோதாவைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்கிறேன். இன்னும் சில மாதம் இருந்திருந்தால் மசோதா நிறைவேறியிருக்குமா? நிறைவேறியிருக்கலாம். அவர் எழுந்துபோனபின் அந்தச் சபையில் அதே பிடிவாதத்தோடு அதைக் கையிலெடுக்க வேறு ஒரு பெண் இல்லை. சுதந்திரப் போராட்டமா, கையில் இருக்கும் சட்டமா என்ற கேள்வியில் அவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய சூழலில் அவர் மனசாட்சிக்கு வேறு வழி இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகும் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விலகிய அதே 1930-ல் ஔவை இல்லம் பிறந்தது. பொட்டுக்கட்டுதலுக்குத் தப்பிவந்த சிறுமிகளைச் சென்னையின் சாதிவாரி விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் இல்லமாக வளர்ந்தது. தேவதாசிச் சங்கத்தார் விண்ணப்பத்தில் கேட்ட ‘எங்களுக்குக் கல்வி கொடுங்கள்’ என்ற வரிக்குச் சபையில் கிடைக்காத பதில் இங்கே சிறிய அளவில் கிடைத்தது. பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் அவரே உருவாக்கினார். அது 1954-ல் செயல்படத் தொடங்கியது. 1956-ல் பத்மபூஷண், 1968 ஜூலையில் மறைவு.

பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் முழுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நிறைவேறியது, அந்த ஆண்டின் 31-ஆம் எண் சட்டமாக. அப்போது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் ப. சுப்பராயனும் இருந்தார், முத்துலட்சுமி முதன்முதல் தீர்மானம் கொண்டுவந்த நாளில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே சுப்பராயன்.

அந்தச் சட்டமும் வெளிவந்தபோது புதுக்கோட்டைக்குப் பொருந்தவில்லை. அது தனிச் சமஸ்தானம். முத்துலட்சுமி சென்னைச் சபையில் பேசியதும் நிறைவேற்றியதும் அவர் தாய் சந்திரம்மாளின் ஊர் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்தது. மாகாணச் சட்டங்கள் அங்கே செல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.